விடுகுரல் கொடுக்காத ஆட்காட்டி

ஏரி வற்றிக்கொண்டிருந்தது. தண்ணீர் நடுப்பள்ளத்துக்குள் ஒடுங்கிவிட்டது. சுற்றிலும் வெடித்த களிமண்ணும் கூழாங்கல்லும் வெளுத்துக் கிடந்தன. அந்தப் பொட்டல் வெளியில் முழக்கன் என்ற ஆட்காட்டிப் பறவை தன் மனைவி மஞ்சளியோடு வாழ்ந்துவந்தான்.

ஏரியில் முழக்கனைத் தெரியாத உயிர் கிடையாது. வலைக்காரன் கரையேறினாலும் சரி, நாய் மோப்பம் பிடித்து வந்தாலும் சரி, பருந்து வட்டமிட்டாலும் சரி, முதலில் அவன் குரல்தான் எழும்பும். அவன் கத்தினால் நாமக்கோழி கோரைக்குள் நுழைவாள். தவளை தண்ணீருக்குள் குதிக்கும். ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். எத்தனையோ உயிர்கள் அவன் குரலால் பிழைத்திருந்தன. யார் யார் எப்போது பிழைத்தார்கள் என்று முழக்கன் நாள் தவறாமல் நினைவுபடுத்தவும் செய்வான்.

காவலோடு அவன் வேலை முடிந்துவிடாது. நடுப்பள்ளத்துத் தண்ணீரை நாரைகள் வளைத்துப் போட்டிருந்தன. சின்னப் பறவைகள் அலகு நனைக்கவும் அவற்றைக் கெஞ்ச வேண்டியிருந்தது. "தண்ணீர் வானத்திலிருந்து வந்தது. நாரையின் கால் வழியாக வரவில்லை" என்று வடமேட்டில் ஏறி நின்று முதலில் பேசியவன் முழக்கன். அன்றிலிருந்து தினமும் வெயில் ஏறும் முன் அங்கே கூட்டம் நடந்தது. அவன் பேசுவான். ஒவ்வொரு பேச்சு முடியும் இடத்திலும் மஞ்சளி பக்கத்தில் நின்று "ஆமா" என்பாள். அந்த ஒரு "ஆமா" விழுந்ததும் கூட்டம் முழுவதும் "ஆமா, ஆமா" என்று பற்றிக்கொள்ளும். பற்ற வைப்பது தன் பேச்சுதான் என்று முழக்கன் நினைத்திருந்தான்.

சித்திரை பிறந்ததும் மஞ்சளி நான்கு முட்டை இட்டாள்.

ஆட்காட்டிகள் கூடு கட்டுவதில்லை. கூழாங்கற்களுக்கு நடுவே ஒரு சின்னக் குழி, அவ்வளவுதான். முழக்கனும் முறைவைத்து அடைகாத்தான். வெயில் கொதிக்கும்போது பறந்துபோய் வயிற்று இறகுகளைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டைகளைக் குளிர வைத்தான். ஒரு நாள் ஆட்டுமந்தை ஒன்று அந்த வழியாகப் போனது. மூன்று முட்டைகள் குளம்படியில் நசுங்கின. நான்காவதன் மேல் முழக்கன் இறக்கையை விரித்து நின்றான். முன்னால் வந்த கிடாவின் மூக்கில் கொத்தி மந்தையையே திருப்பினான். ஏரி முழுவதும் பத்து நாள் அதுதான் பேச்சு.

குஞ்சு ஓட்டுக்குள் இருந்தவரை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு அது பொரிந்தது.

குஞ்சுக்கும் கல்லுக்கும் வித்தியாசம் தெரியாது. முதுகெல்லாம் புள்ளி புள்ளியாக இருந்ததால் மஞ்சளி அதற்குப் பொட்டு என்று பெயர் வைத்தாள். முழக்கனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் வெற்றிமுழக்கன் என்று ஒரு பெயரைத் தயாராக வைத்திருந்தான்.

பார்க்க வந்தவர்கள் வந்தபடியே இருந்தார்கள்.

"யார் சாயல், அக்கா?" என்று நாமக்கோழி எட்டிப் பார்த்தாள்.

"இதைக் கேக்கணுமா? அப்படியே அம்மா. சத்தமே இல்லை பார்" என்றது தவளை.

முழக்கன் தொண்டையைக் கனைத்தான். "நேத்து மேற்குக் கரையில நாய் வந்தப்போ..." என்று தொடங்கினான்.

"அண்ணே, கொஞ்சம் மெதுவா. பிள்ளை கண்ணசருது" என்றாள் நாமக்கோழி.

முழக்கனை மெதுவாகப் பேசச் சொன்ன முதல் உயிர் அவள்தான். அவன் மஞ்சளியைப் பார்த்தான். அவள் அவன் பக்கம் பேசுவாள் என்று எதிர்பார்த்தான். அவளோ குனிந்து குஞ்சின் தலையில் ஒட்டியிருந்த ஓட்டுத் துணுக்கை எடுத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வடமேட்டில் அவன் தனியாக ஏறி நின்றான். நாரைகளை வெளுத்து வாங்கினான். பேச்சு முடிந்த இடத்தில் "ஆமா" வரவில்லை. ஒரு கணம் காற்று மட்டும் அடித்தது. நாமக்கோழி அலகால் இறகைக் கோதினாள். ஓர் உள்ளான் பறவை கொட்டாவி விட்டது. அவன் மறுபடி குரலை உயர்த்தினான். கூட்டத்தின் ஓரத்திலிருந்து இரண்டு பேர் நழுவினார்கள். பிறகு நான்கு பேர். எங்கே போகிறார்கள் என்று அவன் மேட்டிலிருந்து பார்த்தான். எல்லோரும் நேராக மஞ்சளியிடம் போய், குஞ்சு நடப்பதைப் பார்த்து நின்றார்கள். பொட்டு இரண்டடி நடந்து குப்புற விழுந்தது. கூட்டம் சிரித்து மகிழ்ந்தது. தன் கூட்டத்தை இரண்டடி நடையில் ஒருவன் கலைத்துவிட்டான் என்று முழக்கனுக்கு வயிறு எரிந்தது. அந்த ஒருவன் பிறந்து மூன்று நாள்கூட ஆகவில்லை.

அன்று மஞ்சளியிடம் போய் நின்றான். அவள் இறக்கையை லேசாக விரித்து வெயிலை மறைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே குஞ்சு இருந்தது. வெளியே நான்கு சின்னக் கால்கள் தெரிந்தன. இரண்டு அவளுடையவை, இரண்டு அதனுடையவை.

"நாளைக்குக் கூட்டத்துக்கு நீ வரணும்" என்றான்.

"இவனை யார் மறைக்கிறது?"

"ஒரு நாழிகைதானே."

"ஒரு நாழிகையில இவன் வெந்துபோவான். தரையில கால் வெச்சுப் பார்த்தீங்களா?"

"முன்னெல்லாம் நான் குரல் எடுத்தா, நீ எங்கே இருந்தாலும் வந்து நிப்ப."

"முன்னெல்லாம் என் இறக்கைக்குக் கீழ ஒண்ணும் இல்லை." மஞ்சளி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். "வாங்களேன், கொஞ்ச நேரம் நீங்க நில்லுங்க. நான் காலையிலிருந்து ஒரு பூச்சி தின்னலை."

"நான் இங்கே நின்னா ஊருக்கு யார் காவல்?"

"ஊருக்குக் கண்ணில்லையா?" என்றாள் அவள்.

முழக்கன் பறந்துவிட்டான். அவள் பசியோடு இருந்தாள் என்பது பாதி வழியில் அவனுக்கு உறைத்தது. திரும்பிப் போக மனம் வரவில்லை. குஞ்சு கேட்டிருந்தால் அவள் பசியை மறந்திருப்பாள், நான் கேட்டால் மட்டும் பசி வந்துவிடுகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

ஆட்காட்டிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. அபாயக் குரல் கேட்டதும் குஞ்சு நின்ற இடத்திலேயே தரையோடு தரையாகப் படுத்துவிட வேண்டும். அசையவே கூடாது. தாய் அதை விட்டு எழும்பித் தொலைவுக்குப் போய்விட வேண்டும். பக்கத்தில் நின்றால் குஞ்சு கிடக்கும் இடம் எதிரிக்குத் தெரிந்துவிடும். ஆபத்து நீங்கியபின் தாழ்ந்த குரலில் இரண்டு முறை கூவுவார்கள். அதற்கு விடுகுரல் என்று பெயர். எதிரியைப் பார்த்துக் கத்தியவர் யாரோ, அவரேதான் விடுகுரலும் கொடுக்க வேண்டும். அதுவரை குஞ்சு எழாது, தாயும் திரும்ப மாட்டாள். பொட்டுக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. ஓட்டை உடைத்து வந்த அன்றே அது தெரிந்து வைத்திருந்தது.

அடுத்த நாள் காலை உண்மையாகவே ஒரு நாய் வந்தது. முழக்கன் கத்தினான். பொட்டு படுத்தது. மஞ்சளி விருட்டென்று எழும்பி வந்து அவன் பக்கத்தில் பறந்தாள். இருவரும் மாறி மாறி நாயின் தலைக்கு மேல் பாய்ந்தார்கள். பழைய நாட்களைப் போலவே இருந்தது. நாய் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியது. முழக்கன் உடனே விடுகுரல் கொடுக்கவில்லை. இன்னும் இரண்டு சுற்று அவளோடு பறந்தான்.

"போயிட்டதில்ல? குரல் கொடுங்க" என்றாள் மஞ்சளி.

கொடுத்தான். அவள் அம்பு போலக் குஞ்சிடம் போனாள். அவன் தனியாக வானத்தில் நின்றான்.

பொறாமைக்குப் பாடம் நடத்த ஆள் வேண்டியதில்லை. அது தானே கற்றுக்கொள்ளும். அவள் என் பேச்சுக்கு வரமாட்டாள், என் அபாயக் குரலுக்கு வருவாள் என்று முழக்கன் அன்று கற்றுக்கொண்டான்.

அதற்கு மறுநாள் வெயில் ஏறத் தொடங்கிய நேரம். ஏரியில் யாரும் இல்லை. கரையில் யாரும் இல்லை. வானம் சுத்தமாக இருந்தது. முழக்கன் எழும்பித் தன் முழுத் தொண்டையையும் திறந்து கத்தினான்.

"வலைக்காரன்! மேற்குக் கரையில் வலைக்காரன்! எல்லோரும் வடமேட்டுக்கு வாருங்கள்!"

ஏரி கலைந்தது. சிறகடித்தும் குதித்தும் எல்லோரும் மேட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். மஞ்சளியும் வந்தாள். மேற்குக் கரைப் பக்கமாகத்தான் பொட்டு படுத்திருந்தது. அவள் கழுத்து அந்தப் பக்கமே திரும்பியிருந்தது.

"எத்தனை பேர்?" என்று கேட்டாள்.

"ஒருத்தன். பெரிய வலை" என்றான் முழக்கன். பிறகு கூட்டத்தைப் பார்த்தான். இவ்வளவு பெரிய கூட்டம் இந்தக் கோடையில் சேர்ந்ததே இல்லை. அவன் மேட்டின் உச்சிக்கு ஏறினான்.

"வலை ஏன் வருகிறது தெரியுமா?" என்று தொடங்கினான். "நாம் சிதறிக் கிடக்கிறோம். அதனால் வருகிறது."

"ஆமா" என்றாள் மஞ்சளி. பழக்கத்தில் வந்த வார்த்தை அது. ஆனால் அதில் ஒரு நடுக்கம் இருந்தது. அந்த நடுக்கம் கூட்டத்தைக் கவ்விப் பிடித்தது. "ஆமா, ஆமா" என்று அத்தனை பேரும் கத்தினார்கள். நாமக்கோழி கண் கலங்கினாள்.

முழக்கனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவன் பேசினான். வலையைப் பற்றிப் பேசினான். நாரைகளைப் பற்றிப் பேசினான். கிடாவின் மூக்கில் கொத்திய நாளைப் பற்றி விரிவாகப் பேசினான். அவன் வாழ்க்கையிலேயே அப்படி ஒரு பேச்சு பேசியதில்லை.

நடுவில் மஞ்சளி பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டாள். "போயிட்டானா?"

"இன்னும் நிக்கிறான்."

"எனக்குத் தெரியலையே."

"கருவேலத்துக்குப் பின்னாடி. உன் கண்ணுக்குத் தெரியாது."

"வெயில் ஏறுதுங்க."

"எனக்குத் தெரியாதா? பேச்சை முடிக்க விடு."

அவள் பின்வாங்கி நின்றாள். அவன் தொடர்ந்தான். நிழல்கள் சுருங்கிக் காலடிக்கு வந்தன. மேட்டு மண் சுட்டதால் பறவைகள் கால் மாற்றி மாற்றி நின்றன. யாரும் போகவில்லை. வலைக்காரனுக்குப் பயந்துதான் அவர்கள் போகவில்லை. முழக்கன் அதைத் தன் சொல்லின் வலிமை என்று எடுத்துக்கொண்டான்.

அப்போதுதான் ஆமை வந்து சேர்ந்தது. அபாயக் குரல் கேட்டுப் புறப்பட்டது. அதன் நடைக்கு இவ்வளவு நேரம் ஆயிற்று.

"எந்த வழியா வந்த?" என்று நாமக்கோழி பதறினாள். "வலைக்காரன் கண்ணில படலையா?"

"மேற்குக் கரை வழியாத்தான் வந்தேன். எந்த வலைக்காரன்? ஒரு ஈ காக்கா இல்லை." ஆமை மூச்சு வாங்கியது. "முழக்கா, உன் பிள்ளை அங்க வெயில்ல கிடக்கு. ரெண்டடி தள்ளிக் காட்டாமணக்கு நிழல் இருக்கு. போய்ப் படுறான்னு சொன்னேன். மாட்டேன்னுட்டான்."

"ஏன்?" என்றாள் மஞ்சளி.

"அப்பா இன்னும் குரல் கொடுக்கலையாம்."

கூட்டம் முழுவதும் முழக்கன் பக்கம் திரும்பியது. முழக்கன் வாயைத் திறந்தான். "இப்போதான் போயிருப்பான்..." என்றான்.

மஞ்சளி அவனைப் பார்த்தாள். "குரல் கொடுங்க" என்றாள்.

அவன் கொடுத்தான். இரண்டு முறை. தாழ்ந்த குரல் என்றாலும் அமைதியில் அது ஏரி முழுவதும் கேட்டிருக்கும். மேற்குக் கரையில் எதுவும் எழவில்லை.

இருவரும் பறந்தார்கள். கற்களுக்கு நடுவே பொட்டைக் கண்டுபிடிக்கச் சற்று நேரம் பிடித்தது. அவ்வளவு ஒழுங்காகப் படுத்திருந்தது. கழுத்து மண்ணோடு ஒட்டியிருந்தது. அலகு லேசாகத் திறந்திருந்தது. ஓர் எறும்பு அதன் கண்ணோரம் ஏறி நடந்துகொண்டிருந்தது. அதைத் தட்டிவிடக்கூட அது தலையை அசைக்கவில்லை. ஏரியில் எத்தனையோ பேர் முழக்கன் பேச்சுக்குத் தலையாட்டியிருக்கிறார்கள். இப்படி யாரும் கேட்டதில்லை.

மஞ்சளி இறக்கையை விரித்துக் குடையாக நின்றாள். முழக்கன் நடுப்பள்ளத்துக்குப் பாய்ந்தான்.

"ஏய், இது எங்க இடம்" என்று ஒரு நாரை கழுத்தை நீட்டியது.

"என் பிள்ளை சாகுது" என்றான் முழக்கன்.

நாரை ஒதுங்கியது. கொஞ்சம்தான் ஒதுங்கியது. அவனுக்கு அது போதும். வயிற்றை நீரில் அழுத்தி நனைத்துக்கொண்டு திரும்பினான். குஞ்சின் மேல் மெல்ல அமர்ந்து ஈரத்தை இறக்கினான். மறுபடி பறந்தான். வெயிலில் பாதி ஈரம் வழியிலேயே காய்ந்தது. மறுபடி பறந்தான். எத்தனை முறை என்று அவனுக்கே தெரியாது. பொழுது மேற்கே சாய்ந்தபோது பொட்டு ஒரு கண்ணைத் திறந்தது.

முழக்கன் அதன் பக்கத்தில் குனிந்து, மிக மெதுவாக, இரண்டு முறை விடுகுரல் கொடுத்தான்.

பொட்டு எழவில்லை. அவனைப் பார்த்தது. பிறகு கண்ணைத் திருப்பித் தாயைப் பார்த்தது.

"எழுந்திருடா" என்றாள் மஞ்சளி.

அது எழுந்தது. தள்ளாடி அவள் இறக்கைக்குள் போய்விட்டது.

முழக்கனுக்கு அப்போதுதான் விளங்கியது. தன் குரலை ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பிய உயிர் இந்த ஏரியில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது இனி இன்னொருவரைக் கேட்டுவிட்டுத்தான் அவனை நம்பும்.

"உங்களைத் திட்ட எனக்குத் தெம்பில்லை" என்றாள் மஞ்சளி. "நாளைக்குக் காலையில நான் இரை தேடப் போறேன். நீங்க நில்லுங்க."

மறுநாள் அவள் போனாள். முழக்கன் இறக்கையை விரித்து நின்றான். பொட்டு அந்த நிழலுக்குள் வரவில்லை. நான்கடி தள்ளி வெயிலில் உட்கார்ந்தது. முழக்கன் கூப்பிடவில்லை. நடந்துபோய் அதன் மேல் நிழல் விழும்படி நின்றான். அது எழுந்து வேறு பக்கம் போனது. அவனும் போனான். மறுபடி போனது. மறுபடி போனான்.

வெயில் ஏறும் நேரத்துக்கு நாமக்கோழி வந்தாள்.

"என்னண்ணே, மேட்டுல எல்லாரும் காத்திருக்காங்க. நேத்து வலைக்காரன் எந்தப் பக்கம் போனான்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

"யாரும் வரலை. பொய்யாக் கத்தினேன்."

நாமக்கோழி ஓரடி கிட்டே வந்தாள். "ஏண்ணே?"

"இவன் மேல பொறாமை" என்று அலகால் குஞ்சைக் காட்டினான். "போய் எல்லாருக்கும் சொல்லிடு."

"நான் சொல்லி என்ன? இதை நீங்களே மேட்டுல நின்னு சொல்லலாமே. உங்க வாயால கேட்டா மன்னிச்சாலும் மன்னிப்பாங்க. இல்லேன்னா அந்த இடத்தை உள்ளான் புடிச்சுக்குவான். நேத்தே தொண்டையைச் செருமிக்கிட்டிருந்தான்."

முழக்கன் வடமேட்டைப் பார்த்தான். கூட்டம் நன்றாகத்தான் சேர்ந்திருந்தது. பிறகு காலடியைப் பார்த்தான்.

"நான் வந்தா இங்க நிழல் போயிடும்" என்றான்.

நாமக்கோழி தலையை ஆட்டிவிட்டுப் போனாள். சற்று நேரத்தில் மேட்டிலிருந்து உள்ளானின் கீச்சுக் குரல் கேட்டது. அதற்கும் யாரோ "ஆமா" என்றார்கள். முழக்கனின் தொண்டை ஒருமுறை தானாக அசைந்தது. அவன் அதை அடக்கிக்கொண்டு இறக்கையை இன்னும் கொஞ்சம் விரித்தான். பொட்டு மறுபடி எழுந்து நான்கடி நடந்தது. முழக்கனும் நான்கடி நடந்தான்.

தன் சொல்லுக்கு எத்தனை பேர் தலையாட்டுகிறார்கள் என்று ஏங்கித் திரியும் தகப்பன், அதை உயிராய் நம்பிக் கிடக்கும் தன் குழந்தையை வெயிலில் விட்டுவிடுகிறான்.